பாசிக்குடாவா, அறுகம்பேயா?

பிள்ளைகள் வளர வளர, ஆகஸ்ட் விடுமுறைக்கு எங்கே போவது என்ற கணக்கும் மாறும். மட்டக்களப்பில் இருப்பவர்களுக்குக் கடல் என்றால் பெரும்பாலும் இந்த இரண்டு தெரிவுகள்தான்.

பாசிக்குடா வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர். கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் பெரியவர்களுக்குத் தண்ணீர் இடுப்பளவுதான், அலையும் மெல்லியது. ஐந்து வயதுப் பிள்ளை குந்தியிருந்து தண்ணீரை அளைய, அம்மம்மாவும் சேலையோடு இறங்கிவிடுவா. இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். ஆனால் பன்னிரண்டு வயதானால் அதே பிள்ளை ஒரு மணித்தியாலத்தில் "அலுத்துப்போச்சு, வீட்டை போவம்" என்று நிற்கும்.

அந்த வயதுக்கு அறுகம்பேதான் சரி. நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம், தங்கும் செலவு, எல்லாம் உண்டுதான். ஆனாலும் அலைச்சறுக்குப் பழக கிழக்கில் இதைவிட நல்ல இடம் இல்லை. அங்கே மெயின் பொயிண்ட் என்ற அலையிடம் கைதேர்ந்தவர்களுக்கு. அடியில் பாறை, விழுந்தால் காயம் படலாம். புதியவர்கள் பேபி பொயிண்டில் தொடங்கட்டும். நீந்தத் தெரியாத பிள்ளையைப் பலகையில் ஏற்றவே கூடாது, யார் என்ன சொன்னாலும்.

வீட்டில் சின்னதும் பெரியதும் இருந்தால்? நான் அறுகம்பேயைத்தான் சொல்வேன். விடிகாலையில் மூத்தவருக்கு அலை, பின்னேரம் எல்லோருக்கும் பக்கத்திலுள்ள குமண தேசியப் பூங்கா. நவம்பரில் மழை தொடங்கிவிட்டால் இரண்டுமே சரிவராது.