ஃப்ரோஸன் ரொட்டி சானாய்: கல்லில் நாலு நிமிஷம், கையில் அரை நிமிஷம்

மலேசிய சூப்பர்மார்க்கெட்டுகளின் ஃப்ரீசர் பெட்டிகளில் அதிகமாகக் கண்ணில் படுவது ஃப்ரோஸன் ரொட்டி சானாய், அதாவது சுடாமல் உறையவைத்த மலேசியப் பரோட்டா. 'காவான்' என்ற மலேசிய நிறுவனத்தின் பாக்கெட் வெளிநாட்டு ஆசியக் கடைகளிலும் 'பரோட்டா' என்ற பெயரில் கிடைக்கிறது. 400 கிராம் பாக்கெட்டில் ஐந்து ரொட்டி, ஒவ்வொன்றும் 80 கிராம். மற்ற நிறுவனங்களின் பாக்கெட்டுகளும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். மைதா, தண்ணீர், பாமாயில் மார்ஜரின், சர்க்கரை, உப்பு என்று சேர்மானமும் ஒரே குடும்பம். அதனால் இங்கே சொல்லப்போவது ஒரு பிராண்டுக்கு மட்டுமானது அல்ல.

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம்: நல்ல பொருள். மாவு பிசைந்து, உருண்டையை எண்ணெயில் மணிக்கணக்கில் ஊறப்போட்டு, மேஜை மேல் வீசிப் பழகாத வீட்டில் இதைவிடச் சிறந்த ரொட்டி வராது. ஆனால் சரியாகச் சுட்டால்தான் அது ரொட்டி சானாய். இல்லையென்றால் எண்ணெய் பிசுக்குள்ள தட்டை பிஸ்கட். இரண்டுக்கும் நடுவே இருப்பது கல்லின் சூடும், கடைசி அரை நிமிஷக் கைவேலையும். பாக்கெட்டின் பின்புறம் கல் சூட்டைப் பற்றி ஒரு வரி இருக்கும். கைவேலையைப் பற்றிப் பெரும்பாலும் எதுவும் இருக்காது.

கடை ரொட்டியிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. மாமாக் கடையில், அதாவது மலேசியாவின் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உருண்டையைத் தட்டி, காற்றில் வீசி, பின்னால் இருப்பது தெரியும் அளவுக்கு மெல்லிய விரிப்பாக்கி, நாலு பக்கமும் மடித்துச் சதுரமாகக் கல்லில் போடுவார்கள். நம்மூர் வீச்சு பரோட்டாவின் நேர் உறவு அது. மலாயில் 'சானாய்' என்றால் தேய்த்து மெல்லியதாக்குவது. சாணைக்கல்லுக்கும் 'பத்து சானாய்' என்றுதான் பெயர். சிங்கப்பூர்க்காரர்கள் இதையே ரொட்டி பிராட்டா என்பார்கள். கைவீச்சில் விரிப்பு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருப்பதில்லை. ஓரம் மொறுமொறுவென்றும் நடுப்பகுதி மெத்தென்றும் வருவதற்குக் காரணம் அந்த ஒழுங்கின்மைதான். பாக்கெட் ரொட்டியில் இயந்திரம் ஒரே தடிமனில் அடுக்குகிறது. இதழ்கள் நிறைய உண்டு, ஆனால் எல்லாம் ஒரே மாதிரி. அமைப்பில் இது சுருட்டிப் போடும் வட்டப் பரோட்டாவுக்குக் கொஞ்சம் பக்கம். கடை ரொட்டியின் அந்த இரட்டைத் தன்மையை இதில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

வாங்கும்போது பாக்கெட்டைக் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். உள்ளே ரொட்டிகள் தனித்தனித் தட்டாக, நேராக இருக்க வேண்டும். வளைந்திருந்தாலோ, ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ, பாக்கெட்டுக்குள் பனித்தூள் கட்டியாக உருண்டாலோ அது ஒருமுறை இளகி மறுபடி உறைந்த சரக்கு. மாவு அடுக்குகளுக்கு நடுவே உள்ள கொழுப்பு ஏற்கெனவே உருகி மாவோடு கலந்திருக்கும். அப்படிப்பட்டதை எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் இதழ் பிரியாது. வீட்டுக்கு ஒரு மணி நேரப் பயணம் என்றால், மலேசிய வெயிலில் பனிக்கட்டிப் பை இல்லாமல் வாங்காமல் இருப்பதே மேல்.

சுடுவதில் நடக்கும் முதல் தவறு, ரொட்டியை முன்கூட்டியே வெளியே எடுத்து வைப்பது. சப்பாத்தி மாவு பழக்கத்தில் 'கொஞ்சம் இளகட்டும்' என்று தோன்றும். இளகினால் பிளாஸ்டிக் தாள் மாவோடு ஒட்டிக்கொள்ளும், உரிக்கும்போது ரொட்டி கிழியும். அதைவிட முக்கியம், கொழுப்பு இளகி அடுக்குகள் ஒன்றாகிவிடும். உறைந்தபடியே கல்லில் விழும்போது மாவில் உள்ள நீர் சட்டென்று ஆவியாகி அடுக்குகளைத் தூக்குகிறது. கொழுப்பு அந்த நேரம் வரை கெட்டியாக நின்று இதழ்களைப் பிரித்து வைக்கிறது. ஆகவே கல் காய்ந்த பிறகே ஃப்ரீசரைத் திறக்க வேண்டும். ஒரு ரொட்டி எடுத்து, இரு பக்கத் தாளையும் உரித்து, உடனே போட வேண்டும். மீதி ஃப்ரீசருக்குள்ளேயே இருக்கட்டும்.

கல் என்றால் இரும்புத் தோசைக்கல்தான் நல்லது. கனமான நான்ஸ்டிக்கும் பரவாயில்லை. மிதமான தீயில் மூன்று நிமிஷம் காயவிட்டு, தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளி சுர்ரென்று கொதித்து வற்றினால் சரி. வற்றாமல் முத்து மாதிரி உருண்டு ஓடினால் கல் அதிகம் காய்ந்துவிட்டது, தீயைக் குறைத்து ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். ரொட்டிக்குள் இருக்கும் கொழுப்பே கல்லுக்கு வரும். எண்ணெய் விட்டுச் சுட்டால் மேல்தோல் பொரிந்து பூரி மாதிரி ஆகும், சாப்பிட்டு முடிக்கும்போது விரலெல்லாம் வழவழப்பு.

முதல் பக்கம் இரண்டு நிமிஷம். முதல் ஒரு நிமிஷம் தோசைத் திருப்பியால் அழுத்தக் கூடாது; அழுத்தினால் ஆவி ஓரத்தில் வெளியேறி அடுக்கு படுத்துவிடும். ரொட்டி ஒளி ஊடுருவும் மாதிரி மாறி, அங்கங்கே கொப்புளம் எழும்போது திருப்புங்கள். அடுத்த பக்கமும் இரண்டு நிமிஷம். இப்போது ஓரங்களை மட்டும் திருப்பியால் லேசாகத் தட்டிக் கொடுக்கலாம், ஏனென்றால் ஓரம்தான் கல்லைத் தொடாமல் வெள்ளையாக நிற்கும். பிறகு பக்கத்துக்கு இருபது வினாடி வீதம் மறுபடி திருப்பினால் பொன்னிறப் புள்ளிகள் வந்துவிடும்.

தீ கூடினால் வெளியே கருகி நடுவில் பச்சை மாவுப் பட்டை நிற்கும். பிய்த்துப் பார்த்தால் வெள்ளையாக, ஈரமாக, பசை மாதிரி தெரியும். தீ குறைந்தால் வேறு கேடு: ஆவி எழும் முன்பே கொழுப்பு முழுக்க உருகிக் கல்லில் வழிந்துவிடும். ரொட்டி பத்து நிமிஷம் காய்ந்து, வறண்ட அப்பளம் போல் நொறுங்கும். இந்த இரண்டாவது தவறுதான் வீடுகளில் அதிகம். 'சிம்மில் வைத்தால் உள்ளே நன்றாக வேகும்' என்ற எண்ணம் இந்த ரொட்டிக்குச் சரிப்படாது.

இனி அந்த அரை நிமிஷம். கல்லிலிருந்து எடுத்த ரொட்டியைப் பலகையில் வைத்து, இரு உள்ளங்கைகளாலும் இரண்டு பக்கத்திலிருந்து நடுவை நோக்கி நெருக்கித் தட்ட வேண்டும். கால் வட்டம் திருப்பி இன்னும் ஒருமுறை. இப்படி இரண்டு மூன்று முறை தட்டினால் ரொட்டி சுருங்கி, பூ மாதிரி இதழ் விரியும். இது அழகுக்காக மட்டும் செய்வதல்ல. அடுக்குகளுக்குள் அடைபட்ட ஆவி வெளியேறாவிட்டால், தட்டில் வைத்த இரண்டு நிமிஷத்தில் அதே ஆவி தண்ணீராகி இதழ்களை ஒட்டவைத்துவிடும். ஆறியபின் தட்டினால் இதழ் பிரியாது, துண்டு துண்டாக உடையும். கை சுடும் என்பது உண்மை. சுத்தமான பருத்தித் துணியை ரொட்டி மேல் போட்டுத் தட்டினால் போதும். அடுக்கி மூடி வைப்பதும் கூடாது. ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் பரிமாற நினைப்பவர்கள் இரண்டு கல் போட வேண்டியதுதான்.

ஏர் ஃபிரையரிலும் ஓவனிலும் சுடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. உப்பிக்கொண்டு நன்றாகவே வரும், ஆனால் அது பஃப்ஸ் மேல்தோல். குழம்பு ஊற்றினால் உறிஞ்சாமல் மேலே நிற்கும். மைக்ரோவேவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கடைப் பட்டியலில் உள்ள மற்ற ரொட்டிகளை இதில் செய்ய முடியுமா? ரொட்டி தெலூர், அதாவது முட்டை ரொட்டி, கடையில் முட்டையை விரிப்புக்குள் வைத்து மடிப்பது. இங்கே மடிக்க விரிப்பு இல்லை. மாற்று வழி ஒன்று உண்டு. ரொட்டியை முக்கால் பதம் சுட்டு எடுத்து வைத்து, கல்லில் அரைத் தேக்கரண்டி எண்ணெய் தடவி, ஒரு முட்டையோடு பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் இரண்டும் உப்பும் அடித்து ஊற்றி, அது இளகி இருக்கும்போதே ரொட்டியை மேலே வைத்து அழுத்தித் திருப்ப வேண்டும். ருசி கிட்டத்தட்ட வந்துவிடும். வாழைப்பழ ரொட்டி, கூம்பு மாதிரி நிற்கும் ரொட்டி தீசு, உள்ளே இறைச்சி வைத்து மடிக்கும் முர்தபாக் மூன்றும் இதில் நடக்காது. அவற்றுக்குக் காகிதம் போல் விரியும் பச்சை மாவு வேண்டும். நடப்பது ரொட்டி பாஞ்சிர். பாஞ்சிர் என்றால் வெள்ளம். ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே குழம்பைத் தாராளமாக ஊற்றிச் சாப்பிடுவது. சுடும்போது கொஞ்சம் சொதப்பிய ரொட்டிகளுக்கும் இதுதான் போக்கிடம்.

குழம்பில்தான் இந்தச் சாப்பாட்டின் பாதி இருக்கிறது. பாக்கெட் ரொட்டியோடு கெட்டியான குருமாவை வைப்பது பொருந்தாது. கடையில் வருவது தட்டில் ஓடும் பருப்புக் குழம்பு. மலேசியாவில் தால்ச்சா என்று காய்கறி போட்டும், சில கடைகளில் ஆட்டெலும்பு போட்டும் செய்வார்கள். தமிழ் முஸ்லிம் வீடுகளில் பிரியாணியோடு வரும் தால்சாவேதான்.

ஐந்து ரொட்டிக்கு அளவு இது. துவரம் பருப்பு 150 கிராம், அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூளோடு 700 மில்லி தண்ணீரில் குழைய வேகட்டும். இறைச்சிக் கறித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வையுங்கள். மலேசியாவில் பாபாஸ் என்ற பிராண்டின் தூள் எளிதாகக் கிடைக்கும். சாம்பார் பொடியை மாற்றாகப் போட்டால் பெருங்காயமும் வெந்தயமும் மேலேறி வேறு குழம்பாகிவிடும். கறித்தூள் இல்லாதவர்கள் மல்லித்தூள் மூன்று பங்கு, மிளகாய்த்தூள் ஒரு பங்கு, சோம்பும் சீரகமும் அரை அரைப் பங்கு கலந்துகொள்ளலாம். மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் ஒரு துண்டு பட்டை, ஒரு அன்னாசிப்பூ, கடுகு, காய்ந்த மிளகாய் மூன்று, சின்ன வெங்காயம் ஆறு, கறிவேப்பிலை இரண்டு கொத்து தாளித்து, குழைத்த கறித்தூளை அதில் எண்ணெய் பிரியும் வரை வதக்க வேண்டும். இதை அவசரப்படுத்தினால் குழம்பு முழுக்கப் பச்சைத்தூள் வாடை. பிறகு உருளைக்கிழங்கு, கேரட், கத்தரிக்காய் துண்டுகள், பருப்பு, சின்ன நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல், உப்பு. காய் வேகும் வரை கொதித்தால் போதும். பதம் ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவே. ஆற ஆற இறுகும், பரிமாறும்போது வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் ஒரு கரண்டி சம்பால், அதாவது அரைத்து வதக்கிய மிளகாய் விழுது, இருந்தால்தான் கடைத் தட்டு முழுமையாகும். காய்ந்த மிளகாய் இருபதை விதை உதிர்த்து வெந்நீரில் இருபது நிமிஷம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அதோடு சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு மூன்று பல், சுட்ட பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) ஒரு தேக்கரண்டி சேர்த்து நைசாக அரைத்து, 80 மில்லி எண்ணெயில் குறைந்த தீயில் இருபது, இருபத்தைந்து நிமிஷம் வதக்க வேண்டும். சிவப்பு கருஞ்சிவப்பாகி எண்ணெய் மேலே மிதந்து நிற்பதை மலாயில் 'பெச்சா மின்யாக்' என்பார்கள். அதற்கு முன் இறக்கிய சம்பால் நாக்கில் கசக்கும், வயிற்றையும் கடுக்கும். கடைசியில் புளிக்கரைசல் மூன்று மேசைக்கரண்டி, சர்க்கரை ஒன்றரை. உப்பை இதற்குப் பிறகுதான் ருசி பார்த்துப் போட வேண்டும், இறாலில் செய்த பெலாச்சானே உப்புக் கரிப்பு. அதைச் சுடும்போது ஜன்னலைத் திறந்து வைப்பது அக்கம்பக்கத்தாரைவிட நமக்கு நல்லது. சைவக்காரர்கள் பெலாச்சானை விட்டுவிடலாம். சம்பால் மென்மையாகும், கெட்டுப்போகாது.

தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்), நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) இரண்டோடு ரொட்டி சானாயையும் சேர்த்து மலேசியக் காலைச் சாப்பாட்டுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் தன் பட்டியலில் ஏற்றியது. அந்தப் பண்பாடு கடைவாசலில், அடுத்த மேஜைச் சத்தத்தோடு நடப்பது. ஃப்ரீசர் பாக்கெட்டால் அதைக் கொண்டுவர முடியாது. மழை நாளில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் நாலு பேருக்குப் பசி என்றால், நேற்றைய தால்ச்சாவைச் சூடாக்கும் நேரத்துக்குள் முதல் ரொட்டி தட்டுக்கு வந்துவிடும். அந்த வேலைக்கு இது கச்சிதம்.

பிரித்த பாக்கெட்டின் வாயை மடித்து கிளிப் போட்டு, ஃப்ரீசரின் அடியில் வையுங்கள். கதவுப் பக்கம் வைத்தால் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இளகும். தவறி இளகிப்போனதை மறுபடி உறையவைக்காமல், நாலாக வெட்டி உருளைக்கிழங்கு மசாலா வைத்து ஓரத்தை அழுத்தி மூடிப் பொரித்துவிடலாம். குழந்தைகளுக்குக் காரம் ஆகாதென்றால் சம்பாலும் வேண்டாம், தால்ச்சாவும் வேண்டாம். தட்டிப் பிரித்த சூட்டோடு மேலே ஒரு தேக்கரண்டி சர்க்கரை தூவிக் கொடுங்கள். மாமாக் கடைகளிலும் குழந்தைகளுக்கு இப்படித்தான் வரும்.