டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குக் கேமரா கொண்டு செல்வோருக்கு ஓர் எச்சரிக்கை

இங்கே குளிர்காலமான சென்ற ஜூலை மாதம் என் அண்ணனும் அவருடைய மகனும் நானும் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலையில் ஆம்பிதியேட்டர் என்ற பாறைச் சுவரின் உச்சிக்கு ஏறி, மேலே இரண்டு இரவு தங்கி, மூன்றாம் நாள் இறங்கினோம். அந்தப் பயணத்தைப் படம் பிடிப்பதற்காக டர்பன் நகரின் நடுவில் உள்ள ஒரு கடையில் 11,800 ரேண்ட் கொடுத்துப் பொருள் வாங்கினேன். அவற்றுள் இரண்டு மெமரி கார்டுகளும் போலி, மூன்று பேட்டரிகளும் போலி. புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. இதே சரக்கு வேறு கடைகளிலும் கைமாறிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால் நடந்ததை விவரமாகச் சொல்கிறேன்.

கடைக்காரர் எனக்கு முன்பின் தெரியாதவர் அல்லர். காவடிக் காலத்தில் கோயில் வாசலில் பார்த்துப் பழகிய முகம். "தம்பி, குளிரிலே மலைக்குப் போகிறீர்கள், கண்டதையும் வாங்கிக் கெட்டுப்போகாதீர்கள், நானே பார்த்து ஒரு செட்டாகக் கொடுக்கிறேன்" என்றார். 256 ஜிபி கார்டு இரண்டு, என் கேமராவுக்கு உரிய பேட்டரி மூன்று, கேமரா ஆடாமல் பிடிக்கும் கைப்பிடியான ஜிம்பல் ஒன்று, தண்ணீர் புகாத பை ஒன்று என்று மேசைமேல் அடுக்கினார். கார்டைக் கேமராவில் செருகி, பேட்டரியை மாட்டி, இரண்டு நிமிடம் படம் எடுத்துக் காட்டினார். திரையில் 256 ஜிபி என்று வந்தது. படமும் தெளிவாக ஓடியது. அவருடைய வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பினால் விலை குறையும் என்றார், அனுப்பினேன். ரசீதில் "கேமரா உதிரிகள், ஒரு தொகுதி" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

அந்த இரண்டு நிமிடச் சோதனையில்தான் நான் ஏமாந்தேன். போலிக் கார்டு கடையில் ஒருபோதும் காட்டிக்கொடுக்காது. உள்ளே இருப்பது 32 ஜிபி கொள்ளளவுள்ள சில்லு. ஆனால் அதை இயக்கும் கட்டுப்பாட்டுச் சில்லின் நிரலைத் திருத்தி, கேட்பவர் யாராக இருந்தாலும் "256" என்று பதில் சொல்லும்படி செய்திருப்பார்கள். 32 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காகப் பதிவாகும். அதற்குப் பிறகு வருவதைக் கார்டு வாங்கிக்கொண்டதாகப் பாவனை செய்து வீசிவிடும், அல்லது முன்பு எழுதியதன்மேலேயே எழுதும். கேமராவின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கோப்பின் பெயர்கூடப் பட்டியலில் வரும். 4கே தரத்தில் நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் 32 ஜிபி என்பது ஏறத்தாழ 42 நிமிடம். அந்த 42 நிமிடத்தைக் கடை மேசையில் நின்று யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

பேட்டரியின் கதையும் இதே போன்றதுதான். டர்பனின் வெயிலில் எந்தப் பேட்டரியும் நன்றாகவே வேலை செய்யும். குளிரில் லித்தியம் பேட்டரியின் உள் எதிர்ப்பு கூடி, அது தரும் மின்சாரம் குறைகிறது. அசல் பேட்டரியும் தளர்ந்துதான் போகும், ஆனால் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றினால் பெருமளவு மீண்டுவிடும். எங்களிடம் இருந்த மூன்று போலிகளும் முதல் நாள் காலையில் முழு மின்னேற்றத்தோடு இருந்தவை. சென்டினல் கார் நிறுத்துமிடத்திலிருந்து நடக்கத் தொடங்கி, பாறையில் தொங்கும் சங்கிலி ஏணிகளுக்குக் கீழே போய்ச் சேர்ந்தபோது ஒன்று செத்துவிட்டது. மறுநாள் விடியலில், கூடாரத்தின் துணி உறைபனியால் அட்டைபோல் விறைத்திருந்த நேரத்தில், இரண்டாவது பேட்டரி 60 விழுக்காட்டிலிருந்து ஒரே தாவலாகப் பூச்சியத்துக்கு வந்தது. அக்குளில் வைத்துச் சூடேற்றியும் பயனில்லை. வீட்டுக்கு வந்தபின் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: கேமராவோடு வந்த அசல் பேட்டரி 83 கிராம், கடையில் வாங்கியவை 61, 62, 61 கிராம். உறையில் அச்சிட்ட கொள்ளளவு மட்டும் அசலைவிட அதிகம்.

இந்த இரண்டு மோசடிகளும் ஒன்றுக்கொன்று துணைபோனதுதான் எங்களுக்கு நேர்ந்த பெருங்கேடு. வழக்கமாக நான் ஒவ்வொரு மாலையும் அன்று எடுத்ததை ஓடவிட்டுப் பார்ப்பேன். மேலே பேட்டரி தீர்ந்துகொண்டே வந்ததால், இருக்கும் மின்சாரத்தை மறுநாள் விடியலுக்குச் சேமிக்க வேண்டும் என்று பார்க்காமல் விட்டேன். பார்த்திருந்தால் முதல் இரவே கார்டு போலி என்று தெரிந்திருக்கும். அண்ணன் மகனின் கைப்பேசியில் இருந்த நல்ல கார்டை மாற்றிப் போட்டிருப்போம்.

என் அண்ணனுக்கு வயது 61. முழங்கால் அறுவை முடிந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. சங்கிலி ஏணியில் அவர் ஏறிய காட்சி அழியாமல் தப்பிவிட்டது. பதிவான 42 நிமிடத்தின் கடைசியில் வருகிறது அது. கையுறையைக் கழற்றிப் பல்லால் கவ்விக்கொண்டு, இரும்புப் படியை வெறுங்கையால் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைத்து அவர் ஏறுகிறார். தப்பாமல் போனது மறுநாள் காலை. துகேலா ஆறு விளிம்பிலிருந்து விழும் இடத்தில் ஓரமெல்லாம் பனிக்கட்டி பிடித்திருந்தது. சூரியன் கிழக்கே எழுந்து பாறைச் சுவர் முழுவதும் செம்மண் நிறமாக மாறிய அந்த நேரத்தில், அண்ணன் எங்கள் அப்பாவைப் பற்றி, இதுவரை எங்களில் யாரிடமும் சொல்லாத சிலவற்றைக் கேமராவைப் பார்த்துப் பேசினார். இருபது நிமிடம் இருக்கும். டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்தில் அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் கூடியிருக்கக் கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தேன். கறுப்புத் திரை மட்டும் வந்தது. கோப்பு மீட்கும் ஓர் ஆளிடமும் கொடுத்துப் பார்த்தோம். சில்லில் எழுதப்படாததை எவராலும் மீட்க முடியாது என்று அவர் காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தார்.

ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. புதிய கார்டு வாங்கிய அன்றே அதை விளிம்புவரை நிரப்பிப் பாருங்கள். விண்டோஸ் கணினிக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் உண்டு. மேக், லினக்ஸ் கணினிகளுக்கு எஃப்3 உண்டு. இரண்டும் கார்டு முழுவதையும் தரவால் நிரப்பி, பிறகு திரும்பப் படித்து ஒப்பிடும். 256 ஜிபி கார்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள். கார்டின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 170, 200 போன்ற எண்கள் படிக்கும் வேகத்தையே குறிப்பவை, அவற்றைக் கண்டு மயங்க வேண்டாம். படப்பதிவுக்கு வேண்டியது குறைந்தபட்ச எழுதும் வேகம். வி30 என்ற குறி நொடிக்கு 30 மெகாபைட்டுக்கு உறுதி தருகிறது. எட்டு மெகாபிட் சேர்ந்தது ஒரு மெகாபைட்; 100 மெகாபிட் பதிவுக்குத் தேவை 12.5 மெகாபைட்தான் என்பதால் வி30 தாராளம். எங்கள் கடைக்காரர் மெகாபிட்டையும் மெகாபைட்டையும் ஒன்றாகப் பேசினார், அப்போதே நான் விழித்திருக்க வேண்டும். குறியையும் போலியாக அச்சிடலாம் என்பதால் நிரப்பிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரே பெரிய கார்டைவிட, சோதித்த 64 ஜிபி கார்டுகள் நான்கைந்து கொண்டுபோவது நல்லது. ஒன்று போனாலும் ஒரு நாள்தான் போகும்.

பேட்டரியை முழுதாக ஏற்றி, ஈரம் படாமல் உறையில் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். காலையில் எடுத்தவுடன் கேமராவில் போட்டுத் தீரும்வரை பதிவு செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அசலோடு ஒப்பிட்டால் உண்மை தெரியும். எடையையும் பாருங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரிக்கு மின்னேற்றம் செய்யாதீர்கள், அது உள்ளே நிரந்தரமாகக் கெடும்; முதலில் உடல் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மேலே போகும்போது பேட்டரிகளை முதுகுப் பையில் வைக்காமல் உள்சட்டைப் பையிலும் இரவில் தூக்கப் பையிலும் வையுங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தோ கேப் டவுனிலிருந்தோ விமானத்தில் வருவோர், உதிரிப் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். பேட்டரியின் ஆற்றலை வாட்மணியில் அளப்பார்கள்; 100 வாட்மணிக்கு மேற்பட்டவற்றுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. 20,000 மில்லிஆம்பியர்மணி பவர் பேங்க் 74 வாட்மணிதான், 30,000 என்றால் 111 ஆகிவிடும்.

அந்த ஜிம்பல் போலி அல்ல, ஆனால் விற்றிருக்கவே கூடாத பொருள். ஏணியில் இரண்டு கையும் இரும்பைப் பிடிக்க வேண்டிய இடத்தில், ஒரு கையைக் கேட்கும் கருவி எதற்கு? ஒன்றேகால் கிலோவை மூன்று நாள் சுமந்ததுதான் மிச்சம். தோள்பட்டை வாரில் கேமராவை மாட்டும் கிளிப் ஒன்றும், மார்பில் கட்டும் சிறிய ஆக்ஷன் கேமராவும் போதும். பை மட்டும் ஒழுங்காக உழைத்தது. அதையும் குளித்தொட்டியில் அமுக்கிப் பார்த்துவிட்டே கொண்டுபோங்கள். குளிர்ந்த கேமராவைக் கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ கொண்டுபோகும்முன் காற்றுப்புகாத உறையில் மூடிவிட்டால், நீர் உறைமேல் படியும், லென்ஸில் படியாது.

கடைக்குத் திரும்பிப் போனேன். "உறை பிரித்த கார்டைத் திரும்ப வாங்குவதில்லை, தம்பி, மேலும் இது நான் கொடுத்த கார்டுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்றார். பேட்டரிக்கு மட்டும் பணம் தருவதாகச் சொல்லி, இன்றுவரை தரவில்லை. நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று நாமே தேர்ந்துகொள்ளும் உரிமையைத் தருகிறது; கடைச் சுவரில் ஒட்டிய அறிவிப்பு அதை ரத்து செய்யாது. 26ஆம் பிரிவின்படி ரசீதில் ஒவ்வொரு பொருளும் அதன் விலையும் எண்ணிக்கையும் தனித்தனியே இருக்க வேண்டும். "ஒரு தொகுதி" என்ற ரசீதை வாங்கியது என் தவறு, கொடுத்தது அவருடைய சட்டமீறல். வங்கி அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடமாவது முறையிட்டிருக்கலாம். நேரடியாக அனுப்பிய பணத்துக்கு அந்த வழியும் இல்லை.

நுகர்வோர் பொருள், சேவைக் குறைதீர்ப்பாளரிடம் இப்போது புகார் அளித்திருக்கிறேன், அதற்குக் கட்டணம் கிடையாது. அங்கே தீராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம் போவேன். 20,000 ரேண்ட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே அங்கே நாமே பேசலாம். இந்தக் குளிர்காலத்தில் டர்பனில் இதுபோன்ற 256 ஜிபி கார்டு வாங்கியவர்கள் அதை இன்றிரவே சோதித்துப் பாருங்கள். போலி என்று தெரிந்தால் ஆத்திரத்தில் அதை அழித்துவிடாதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். சோதனை முடிவு தெரியும் கணினித் திரையின் படத்தையும், கார்டின் இரண்டு பக்கப் படங்களையும், ரசீதையும், பணம் அனுப்பிய வங்கிப் பதிவையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். என்னிடம் குறைதீர்ப்பாளர் அலுவலகம் முதலில் கேட்டது அவற்றைத்தான்.