அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு மடக்குக் கதவு: செங்கோட்டையில் நான்கு வருஷம்

அடுக்களைச் சுவரை நாங்கள் எடுத்தது அம்மாவுக்காக. மூட்டுவலி வந்தபிறகு ஸ்டூலில் உட்கார்ந்துதான் சமைக்கிறாள். "ஹால்ல யார் வந்தா, யார் போனான்னு எனக்குத் தெரியணும்" என்றாள். பாரம் தாங்குகிற சுவர் இல்லை என்று கொத்தனார் பார்த்துச் சொன்ன பிறகு, எட்டடி அகலத்துக்கு இடித்தோம்.

அடுத்த ஆனி மாதமே சிக்கல் வந்துவிட்டது. மேற்கே மலையிலுள்ள ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் சாரல் காற்று எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் அடுக்களை ஜன்னல் மேற்கே பார்த்தது. வற்றலை எண்ணெயில் போட்டால் நெடி நேராக ஹாலுக்குப் போகும். அப்பாவுக்கு இளைப்பு உண்டு. தாளிக்கும் நேரமெல்லாம் திண்ணைக்கு எழுந்து போய், சாரலில் நனைந்தபடி உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க அம்மாவுக்குத் தாங்கவில்லை.

திரைச்சீலை வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அடுப்புப் பக்கம் துணி ஆடக்கூடாது. பிளைவுட்டும் சரிப்படாது. சாரல் மாதங்களில் இங்கே மரக்கதவுகளே ஊறிப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிக் கதவு ஆசையாகத்தான் இருந்தது. 8 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 20 கிலோ. எட்டடிக்கு ஏழடி என்றால் கண்ணாடி மட்டுமே 100 கிலோவைத் தாண்டும். அதற்கேற்ற தண்டவாளம், செலவு எல்லாம் யோசித்து, பட்டை பட்டையாக மடங்கும் பிவிசி மடக்குக் கதவுக்கு வந்தோம். கூலியோடு 9,000 ரூபாய் ஆனது. மடக்கினால் ஓரத்தில் ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல் இடம் பிடிக்கும். அடுப்பு அந்த ஓரத்தில் இருக்கக்கூடாது; பிவிசி சூட்டில் இளகிவிடும். எங்களுக்கு அடுப்பு எதிர்ச் சுவரில் இருப்பதால் கவலையில்லை.

நான்கு வருஷத்தில் இதன் பெரிய பலன், தேவைப்படும்போது மட்டும் மூடுவதுதான். தாளிக்க, மீன் பொரிக்க, அப்பளம் சுட என்று ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் மூடியிருக்கும். மற்ற நேரமெல்லாம் திறந்தே கிடக்கும். அப்பா இப்போது திண்ணைக்குப் போவதில்லை. ஹாலில் ஏசி போடும்போதும் உதவுகிறது. சத்தத்தை மட்டும் இது தடுக்காது. மிக்சி ஓடினால் டிவியில் செய்தி கேட்காது, அவ்வளவுதான்.

மேல்பாதியில் தெளிவான சன்னல் வைத்த பட்டைகளாகக் கேட்டு வாங்கினோம், மூடினாலும் அம்மாவுக்கு ஹால் தெரியட்டும் என்று. ஒரே வருஷத்தில் எண்ணெய்ப் படலம் ஏறி மங்கிவிட்டது. சோப்புத் தண்ணீரில் வாரம் ஒருமுறை துடைத்தால் பாதி தெளிவு வரும். தின்னர் போட்டுத் தேய்க்கக் கூடாது, பிவிசி கெட்டுப்போகும்.

மேற்குக் காற்று வேகமாக அடித்தால் கதவு நடுவில் உப்பிக்கொண்டு ஹால் பக்கம் தள்ளும். கீழே தண்டவாளம் வைத்திருந்தால் உப்பாது. ஆனால் அம்மா கால் தடுக்கிவிடும் என்று வைக்கவில்லை. இன்றும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். காற்று நாளில் ஜன்னலைப் பாதி சாத்துகிறோம். முழுதாகச் சாத்துவதில்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். கதவுக்குக் கீழே உள்ள ஒரு அங்குல இடைவெளியையும் அதனால்தான் எதையும் வைத்து அடைக்கவில்லை. சிலர் ரப்பர் பட்டை ஒட்டுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

மூன்றாம் வருஷம் பட்டைகளை இணைக்கும் மெல்லிய மடிப்பு இரண்டு இடத்தில் கிழிந்தது. வாங்கிய கடையில் தனிப்பட்டை கிடைக்காது, முழுக்கதவாகத்தான் வாங்கவேண்டும் என்றார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இரண்டு பட்டைக்காக முழுக்கதவா? கடைசியில் புனலூர்ப் பக்கம் வேலை பார்க்கும் ஒரு ஆசாரி, வேறு வீட்டில் மிஞ்சிய பட்டைகளைக் கொண்டுவந்து கோத்துக் கொடுத்தார். நிறம் சற்று வேறு. வாங்கும்போதே நான்கு பட்டை கூடுதலாக வாங்கிப் பரண்மேல் போட்டுவையுங்கள்.

அப்புறம், கதவு தொங்கி ஓடும் மேல் சானலுக்கு எண்ணெய் விடாதீர்கள். அடுக்களைத் தூசி அதில் ஒட்டி உருளை சிக்கும். நாங்கள் சிலிக்கான் ஸ்ப்ரேதான் அடிக்கிறோம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இப்போது அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் இழுத்து மூடுகிறாள்.