சாவி வைத்துக் கோப்பு அனுப்ப: எஸ்எஃப்டிபியா, எல்எஃப்டிபியா?

தம்புச் செட்டித் தெருவில் சுங்க ஆவணங்களைக் கையாளும் ஓர் அலுவலகத்தின் கணினிகளை நான் பராமரிக்கிறேன். அன்றன்று ஸ்கேன் செய்த இன்வாய்ஸ்களும் பில் ஆஃப் லேடிங் எனும் கப்பல் சரக்குச் சீட்டுகளும் இரவுக்குள் வாடிக்கையாளரின் சர்வரைச் சென்றடைய வேண்டும். கடவுச்சொல்லை ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதிவைக்கும் கெட்ட பழக்கத்தை விட்டு எஸ்எஸ்எச் சாவிக்கு (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் எஸ்எஸ்எச் முறையில் கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் கோப்பு) மாறியபோது, ஓபன்எஸ்எஸ்எச் என்ற எஸ்எஸ்எச் மென்பொருளுடன் வரும் எஸ்எஃப்டிபி, தனியாக நிறுவிக்கொள்ளும் எல்எஃப்டிபி ஆகிய இரண்டு கோப்பு அனுப்பும் கருவிகளில் எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்தது.

சாவியைப் பொறுத்தவரை எஸ்எஃப்டிபியில் சுற்றிவளைப்பு எதுவும் இல்லை. சாவிக் கோப்பின் இடத்தைக் கட்டளையிலேயே சொல்லலாம்; எஸ்எஸ்எச்சின் அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் கோப்பில் சர்வரின் பெயர், பயனர், சாவி ஆகியவற்றை ஒருமுறை எழுதிவிட்டால் அதுவும் தேவையில்லை. பென் டிரைவிலிருந்து நகலெடுத்த சாவியை மற்றவர்களும் படிக்கும்படி அனுமதி திறந்திருந்தால், அதைத் தொடவே மறுத்துக் காரணத்தையும் திரையில் சொல்லிவிடும். அனுமதியை 600 ஆக, அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்படி, மாற்றினால் வழிவிடும்.

எல்எஃப்டிபி சாவியைத் தானாகக் கையாள்வதில்லை; உள்ளுக்குள் எஸ்எஸ்எச்சையே இயக்குகிறது. ஆகவே அதே கான்ஃபிக் கோப்பு இதற்கும் செல்லும். ஆனால் சாவி சரியாக இருந்தும் கடவுச்சொல் கேட்டு நிற்பது இதன் வினோதம். பயனர் பெயரைத் தரும்போது அதற்குப் பின் ஒரு காற்புள்ளி மட்டும் இட்டு, கடவுச்சொல்லின் இடத்தை வெறுமையாக விட்டால் கேட்காமல் உள்ளே போகிறது. இந்த ஒற்றைக் காற்புள்ளிக்காக ஒரு மாலைப்பொழுதையே இழந்திருக்கிறேன். அதன்பின், புதிய சாவியை முதலில் எஸ்எஃப்டிபியில் சோதித்த பிறகே எல்எஃப்டிபியிடம் ஒப்படைக்கிறேன்.

இணைப்பு அறுந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் தெருவின் பிராட்பேண்ட் நடு இரவில் நின்று நின்று வரும். எல்எஃப்டிபி காத்திருந்து மீண்டும் இணைகிறது. ஒரு கோப்புறையை முழுவதும் அப்படியே நகலெடுக்கும் மிரர் கட்டளையில் தொடரும்படி சொல்லியிருந்தால் கோப்பை விட்ட இடத்திலிருந்து அனுப்புகிறது, பல கோப்புகளை ஒரே நேரத்திலும் ஏற்றுகிறது. எஸ்எஃப்டிபியிலும் பாதியில் நின்றதைத் தொடரலாம், ஆனால் அதை நாம்தான் மீண்டும் தொடங்க வேண்டும். அங்கே ஏறிய பாதியும் இங்கே உள்ள கோப்பும் வேறுபட்டிருந்தால் கோப்பு கெட்டுவிடும்.

பிழையை அறிவிப்பதில் எஸ்எஃப்டிபியே கண்டிப்பானது. கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வரிசையாக ஓட்டும் பேட்ச் முறையில் ஒரு கோப்பு ஏறாவிட்டால் அங்கேயே நின்று, தோல்வி என்ற குறியீட்டோடு வெளியேறும். எல்எஃப்டிபியோ, தோல்வியில் நிறுத்தும்படி ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே அமைப்பு தராவிட்டால், ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த வரிக்குப் போய்விடும். இதை அறியாதவர்கள் காலையில் வாடிக்கையாளரின் தொலைபேசியில்தான் அறிவார்கள்.

ஆகவே இரவு வேலைக்கு எல்எஃப்டிபியையும், பகலில் ஓரிரு கோப்புகளை அனுப்ப எஸ்எஃப்டிபியையும் வைத்திருக்கிறேன். ஆளில்லாமல் ஓடும் இரவு வேலைக்கு எந்தக் கருவியானாலும் மறைதொடர் (சாவியைத் திறக்கக் கேட்கும் ரகசியச் சொற்றொடர்) இல்லாத சாவிதான் எளிது என்பதால், அதற்கென்று தனிச் சாவி ஒன்றை உருவாக்கி, அது கோப்புப் பரிமாற்றத்துக்கு மட்டுமே செல்லுமாறு சர்வரின் அனுமதிப் பட்டியலில் அந்தச் சாவியின் வரித் தொடக்கத்திலேயே கட்டுப்பாட்டை எழுதித்தரும்படி வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கினேன்.