பிரம்பானான் கோயிலும் இரவு ராமாயண நாட்டியமும்: ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்

இந்தோனேசியா என்றதும் நம் ஆட்கள் பிள்ளையார் படம் போட்ட 20,000 ரூபியா நோட்டைத்தான் சொல்வார்கள். 1998-இல் வந்த அந்த நோட்டு இப்போது புழக்கத்திலேயே இல்லை. அதைத் தேடுவதை விட்டுவிட்டு ஜாவா தீவில் இருக்கிற யோக்யகர்த்தா பக்கம் பிரம்பானானுக்குப் போங்கள்.

நாங்கள் முதலில் ஒரு வண்டி ஏற்பாட்டில் போய் மாட்டிக்கொண்டோம். கோயிலுக்கு ஒரே ஒரு மணி நேரம், அதிலும் கிளம்பலாமா கிளம்பலாமா என்று நச்சரிப்பு. மனசு ஆறாமல் மறுநாள் நாங்களாகவே திரும்பப் போனோம்.

9ஆம் நூற்றாண்டுக் கோயில், நடுவில் சிவன் கோயில் மட்டும் 47 மீட்டர் உயரம். கிழக்குப் படியில் ஏறி, நம் ஊரில் பிரதட்சிணம் வருகிற மாதிரியே சுற்றி வாருங்கள், இடது கைப்பக்கம் இருக்கிற கைப்பிடிச் சுவர் முழுக்க ராமாயணம்தான். சேது கட்டுகிற இடத்தில் என் மனைவி உட்கார்ந்தேவிட்டாள்: வானரங்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு வர, கீழே தண்ணீருக்குள் மீன்கள் அந்தக் கற்களை வாயில் கவ்விக்கொண்டிருக்கின்றன. கதை அங்கே முடிவதில்லை, பக்கத்துப் பிரம்மா கோயில் சுவரில் தொடர்கிறது. நிறைய பேர் இது தெரியாமல் பாதிக் கதையோடு இறங்கிவிடுகிறார்கள்.

அப்புறம் சிவன் கோயிலின் தெற்கு அறை. அங்கே நிற்பது அகத்தியர்! தாடியும் தொந்தியுமாக, பொதிகை மலை முனிவரை ஜாவாவில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வடக்கு அறையில் இருக்கிற மகிஷாசுரமர்த்தினியை ஊர்க்காரர்கள் ரோரோ ஜோங்ராங் என்கிறார்கள். ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டச் சொல்லி, கட்டவிடாமல் ஏமாற்றியதால் சாபம் வாங்கிக் கல்லான இளவரசியாம்.

இரவு நாட்டியத்துக்கு வருவோம். 1961 முதல் நடக்கிறது. வசனமே கிடையாது, கமெலான் என்கிற ஜாவானிய வாத்தியக்குழு இசையும் ஜாவானியப் பாட்டும்தான், ஆனால் கதை தெரிந்த நமக்கு ஒரு இடம்கூடப் புரியாமல் போகாது. சீதை அங்கே சிந்தா, லட்சுமணன் லெஸ்மனா, இலங்கை அலெங்கா. அனுமார் ஊரைக் கொளுத்தும்போது நிஜமாகவே வைக்கோல் பற்றி எரிகிறது, அந்தச் சூடு முன்வரிசை வரை வருகிறது, பின்னால் இருட்டில் விளக்கு வெளிச்சத்தோடு கோயில் கோபுரங்கள். நூற்றுக்கு 87 பேர் முஸ்லிம்களாக உள்ள நாடு, ஆடுகிறவர்களிலும் பெரும்பாலோர் முஸ்லிம்கள்தான். அவர்கள் யாருடைய கதையையோ ஆடவில்லை, தங்கள் பாட்டன் பூட்டன் கதையை ஆடுகிறார்கள், விரல் நுனி வரைக்கும் அது தெரிகிறது. "இது நம்முடையது, அங்கே மிச்சம் இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அது அவர்களுடையதும்தான்.

ஒரு விஷயம், திறந்தவெளி மேடை மழையில்லாத மாதங்களில்தான், கிட்டத்தட்ட மே முதல் அக்டோபர் வரை. மற்ற நாட்களில் கூரை போட்ட அரங்கத்துக்குள் ஆடுகிறார்கள், பின்னால் கோயில் தெரியாது. டிக்கெட் எடுக்கும் முன் எந்த மேடை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.