முதல் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு எந்தச் சக்கரம் பொருந்தும்: 14 முதல் 17 அங்குலம் வரை ஓர் ஒப்பீட்டு அலசல்

1989ஆம் ஆண்டு சிகாகோ வாகனக் கண்காட்சியில் மஸ்தா நிறுவனம் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5, ஆயிரம் கிலோவை ஒட்டிய எடையும் 14 அங்குலச் சக்கரங்களும் கொண்ட, இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய சிறிய கார். 1997 வரை தயாரான அந்த முதல் தலைமுறைக் கார்களில் பல, இன்று மூலச் சக்கரங்களை இழந்தோ, அவற்றின் விளிம்பு நெளிந்தோ நிற்கின்றன. புதுச் சக்கரம் வாங்க முனைபவர்கள் பெரும்பாலும் எத்தனை அங்குலம் போடலாம் என்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். இந்தக் காரைப் பொறுத்தவரை விட்டத்தைக் கடைசியாக முடிவு செய்வதே நல்லது. சக்கரம் மட்கார்டில் உரசுமா, ஸ்டியரிங் கனக்குமா, பேரிங் சீக்கிரம் தேயுமா என்பவற்றையெல்லாம் பெரும்பாலும் தீர்மானிப்பவை ரிம்மின் அகலமும், சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்பதைக் காட்டும் ஆஃப்செட்டும்தான்.

காரோடு பிறந்த, மாற்ற முடியாத அளவுகள் சில உண்டு. நான்கு நட்டுகள், 100 மில்லிமீட்டர் பிசிடி (நட்டுத் துளைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்), 54.1 மில்லிமீட்டர் ஹப் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) விட்டம், 12 மில்லிமீட்டர் தடிமனும் 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் கொண்ட ஸ்டட் (நட்டு ஏறும் திருகுத் தண்டு), கூம்பு வடிவ நட்டு. மூலச் சக்கரம் ஐந்தரை அங்குல அகலமும் +45 ஆஃப்செட்டும் கொண்டது. அதில் 185/60 ஆர்14 டயர் ஏறும்; அதாவது அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் விட்டம் 14 அங்குலம். புதிய சக்கரம் எதுவாக இருந்தாலும் அதை இந்த அளவுகளோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும், ஹப்போடு ஒட்டும் முகத்துக்கும் இடைப்பட்ட தூரம். அந்த முகம் நடுக்கோட்டைவிட வெளிப்பக்கம் இருந்தால் எண் நேர்க்குறியில் வரும். கணக்கு எளியது: அகலத்தை மில்லிமீட்டராக்கிப் பாதியாக்கினால், அதோடு ஆஃப்செட்டைக் கூட்டும்போது உள்விளிம்பும், அதிலிருந்து கழிக்கும்போது வெளிவிளிம்பும் ஹப் முகத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று தெரிந்துவிடும். மூலச் சக்கரத்துக்கு உள்ளே 114.9, வெளியே 24.9 மில்லிமீட்டர். ஏழு அங்குல அகலமும் +35 ஆஃப்செட்டும் உள்ள சக்கரத்துக்கு உள்ளே 123.9, வெளியே 53.9, அதாவது சஸ்பென்ஷன் பக்கம் 9 மில்லிமீட்டரும் மட்கார்டு பக்கம் 29 மில்லிமீட்டரும் நெருங்குகிறது. எட்டு அங்குலம், +36 என்றால் அந்த நெருக்கம் முறையே 23, 41 மில்லிமீட்டர் ஆகிவிடும். இந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளாமல் சக்கரத்துக்குப் பணம் கட்டக் கூடாது.

14 அங்குலத்திலேயே இருப்பது குறைத்து மதிப்பிடப்படும் வழி. இந்தக் காரின் மூல அலாய் சக்கரம் அதன் அளவுக்கு மிகவும் இலேசானது. அதைவிட இலேசானதைப் புதிதாகத் தேடுவது எளிதன்று. மெலிந்த டயரோடு கார் வளைவில் மெல்ல நழுவித் தன் எல்லையை முன்கூட்டியே உணர்த்தும் குணம் இந்த அளவில்தான் முழுமையாகக் கிடைக்கிறது. பவர் ஸ்டியரிங் இல்லாத கார் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். குறை டயரில்தான் இருக்கிறது: 185/60 ஆர்14 அளவில் இன்று கிடைப்பவை பெரும்பாலும் சிக்கனத்துக்காகச் செய்யப்பட்ட டயர்கள், நல்ல பிடிமானமுள்ள ரப்பர் கலவை அரிது. பின்னாளில் வந்த பெரிய பிரேக் டிஸ்க்குகளை மாற்றிப் பொருத்தியவர்களுக்கும் 14 அங்குலத்தில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கு இடம் போதாமல் போகலாம்.

15 அங்குலத்துக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. 195/50 ஆர்15 டயரின் முழு விட்டம் 576 மில்லிமீட்டர்; மூல டயருடையது ஏறத்தாழ 578. ஸ்பீடோமீட்டரும் கியர் விகிதமும் நடைமுறையில் மாறுவதே இல்லை. சுமைக் குறியீடும் வழக்கமாக அதே 82தான், அதாவது டயர் ஒன்றுக்கு 475 கிலோ. நல்ல பிடிமானமுள்ள டயர்களும் இந்த அளவில் தாராளமாகக் கிடைக்கின்றன. எனவே 15 சரிதானா என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. ஏழு அங்குலமா எட்டு அங்குலமா என்பதில்தான் தேர்வு நிற்கிறது.

எட்டு அங்குல ரிம்மைப் பந்தயத் தடத்துக்குச் செல்பவர்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. அகன்ற ரிம் டயரின் பக்கச்சுவரை விறைப்பாக இழுத்துப் பிடிப்பதால், வளைவில் டயர் மடங்குவது குறைந்து ஸ்டியரிங்குக்கு உடனடி மறுமொழி கிடைக்கிறது. ஆனால் 195/50க்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் ஏழு அங்குலத்தோடும், 205/50க்கு ஏழரையோடும் முடிந்துவிடுகிறது. எட்டில் 205 டயரை ஏற்றி ஓட்டுபவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதால் அந்த வரம்பு இல்லாமல் போய்விடாது. முறைப்படி எட்டுக்கு ஏற்றது 225/45 ஆர்15. அதைப் போட்டால் மட்கார்டின் உள்மடிப்பைத் தட்டி மடக்க வேண்டியிருக்கும், சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும் கோணமான கேம்பரையும் கூட்ட வேண்டியிருக்கும். அவ்வளவுக்கும் தயாராக இருப்பவருக்கு எட்டு அங்குலம் சிறந்த தேர்வு. சாலையில் ஓட்டுபவருக்கு 15×7, +35ஐ ஒட்டிய ஆஃப்செட், 195/50 டயர் என்பதையே தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஆஃப்செட்டை +20, +25 என்று இறக்கினால் கார் அகன்று நிற்பது கண்ணுக்கு அழகாகத் தெரியலாம். ஆனால் டயரின் நடு, ஸ்டியரிங் திரும்பும் அச்சிலிருந்து வெளியே நகர்ந்துவிடுவதால், ஒவ்வொரு பள்ளமும் கையில் உதைக்கும். சாலையின் தடங்களைப் பிடித்துக்கொண்டு கார் இழுக்கும். முப்பது வயதைத் தாண்டிய பேரிங்குகளுக்கு அது கூடுதல் சுமை.

16 அங்குலத்தில் 205/45 போட்டால் விட்டம் 591 மில்லிமீட்டர், மூலத்தைவிட இரண்டு சதவீதத்துக்குச் சற்று அதிகம். 17 அங்குலத்தில் 205/40 போட்டால் 596, அதாவது மூன்று சதவீதத்துக்கு மேல். சக்கரமும் கனக்கும், பக்கச்சுவரும் மெலியும், முடுக்கமும் மந்தமாகும். கூரையில்லாத இந்தக் காரின் உடற்கூடு இயல்பிலேயே சற்று நெகிழக்கூடியது என்பதால் ஒவ்வொரு அதிர்வும் கதவிலும் கண்ணாடிச் சட்டத்திலும் கேட்கும். 16ஐ ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். 17 இந்தக் காருக்கு வேண்டாம்.

வேறு கார்களின் பழைய சக்கரங்களை வாங்குவது இன்னொரு வழி. பிசிடி 100 என்று ஒத்துப்போனாலே பொருந்திவிடும் என்று நம்புவதுதான் இங்கே உள்ள பொறி. ஹோண்டா சக்கரத்தின் நடுத்துளை 56.1, மஸ்தாவின் ஹப்பில் ஏறிவிடும், ஆனால் ஹோண்டாவின் மூலச் சக்கரத்தில் நட்டு அமரும் குழி உருண்டை வடிவம் என்பதால் மஸ்தாவின் கூம்பு நட்டு அதில் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொடும். டொயோட்டாவின் நான்கு நட்டுச் சக்கரங்கள் பலவற்றுக்கு நடுத்துளை அதே 54.1; இருந்தும் அதன் மூல அலாய்களில் பெரும்பாலும் தட்டை வாஷரோடு கூடிய நட்டுதான் அமரும். பழைய பிஎம்டபிள்யூ இ30 சக்கரத்தின் ஆஃப்செட் மஸ்தாவின் +45ஐவிடக் குறைவு. ஃபியட்டின் 98 மில்லிமீட்டர் பிசிடி சக்கரத்தை இழுத்து முடுக்கினால் ஏறிவிடும். ஸ்டட் ஒவ்வொன்றும் சற்று வளைந்தபடி நிற்கும். அது ஒருபோதும் செய்யக் கூடாதது.

புதிதாக விற்கும் சக்கரங்கள் பல கார்களுக்கும் பொதுவாக 67.1, 73.1 போன்ற பெரிய நடுத்துளையோடு வருகின்றன. 54.1க்கு இறக்கும் மையவளையம் வைக்காவிட்டால், நட்டை முடுக்கும்போது சக்கரம் ஒரு பக்கம் தொங்கிவிட வாய்ப்புண்டு. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும், எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் தீராது. வளையத்தைக் கையால் அழுத்தும்போது ஆடாமல் இறுக்கமாக உட்கார வேண்டும்.

சக்கரத்தைச் செய்யும் முறை வார்ப்பா, ஃப்ளோ ஃபார்மிங்கா, ஃபோர்ஜ்டா (உலோகத்தை அழுத்தி உருவாக்குவது) என்பதில் சாலைக்கு ஃப்ளோ ஃபார்மிங் போதுமானது. வார்த்த சக்கரத்தின் விளிம்புப் பகுதியைச் சூட்டில் உருட்டி நீட்டுவதால், சாதாரண வார்ப்பைவிட மெல்லியதாகவும் உறுதியாகவும் அமைகிறது. எம்முறையானாலும் சக்கரத்தின் உட்புறத்தில் ஜேடபிள்யூஎல் (ஜப்பானின் அலாய் சக்கரத் தரக் குறியீடு) போன்ற தர முத்திரையும் சுமை வரம்பும் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று டயர் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருத்திப் பார்க்கும்போது, டயர் ஏற்றாத வெறும் ரிம்மை முதலில் முன் ஹப்பில் மாட்டி, ஆரக்காலின் உட்புறத்தில் சிறு களிமண் உருண்டையை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றினால், காலிப்பருக்கும் ஆரக்காலுக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்பது நசுங்கிய களிமண்ணின் தடிமனிலேயே தெரிந்துவிடும். டயரேற்றிய பின், இருவர் அமர்ந்த நிலையில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி முன்பக்க உறைத்தகட்டையும், பின்பக்கத்தில் பம்பரும் மட்கார்டும் சேரும் மூலையையும் பார்க்க வேண்டும். நட்டுகளைக் கையால் முழுவதும் திருகி, பின்பு குறுக்குவாட்டு வரிசையில் முறுக்குவிசையை அளந்து முடுக்கும் டார்க் ரென்ச்சால் 90 முதல் 118 நியூட்டன் மீட்டருக்குள் முடுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே அளவில் மறுபடியும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.