ஃபார்மட் செய்வதற்கு முன் வன்தட்டைப் பாருங்கள்: கும்பகோணத்தில் ஒரு கணினிச் சேவை அனுபவம்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களின் வேலைப் பட்டியலில் வங்கி, ஆதார், பல் மருத்துவர் ஆகியவற்றோடு வீட்டுக் கணினியும் தவறாமல் சேர்ந்துகொள்கிறது. இந்த முறை கும்பகோணத்தில் கிடைத்த கணினிச் சேவையைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஒரே கணினிக்கு இரண்டு கடைகளில் இரண்டு விதமான வைத்தியம் சொன்னார்கள். முதல் கடைக்காரர் சொன்னபடி நடந்திருந்தால் அப்பாவின் பல ஆண்டு எழுத்து போயிருக்கும்.

அப்பா பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வினாத்தாள்கள், இலக்கணக் குறிப்புகள், சுற்றுவட்டாரக் கோயில்களைப் பற்றிய கட்டுரைகள் எல்லாம் அந்தக் கணினியில்தான் இருக்கின்றன. கொஞ்ச காலமாகவே அது படுத்திக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி போட்டுக் குடித்து முடித்தால்தான் திரை வரும். வேர்டு கோப்பைத் திறந்தால் உறைந்து நிற்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற பத்தி எந்நேரமும் 100 சதவீதத்தையே காட்டியது.

முதல் கடையில் கணினியை மேசையில் வைத்ததுமே தீர்ப்பு வந்துவிட்டது. “ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டுத் தருகிறேன், மாலையில் வாங்கிக்கொள்ளுங்கள்.” கோப்புகள் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, “சி டிரைவை மட்டும்தான் சார் அழிப்போம், டி டிரைவ் அப்படியே இருக்கும்” என்றார். ஊரெங்கும் இந்தச் சமாதானத்தைக் கேட்கலாம். ஆனால் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் வழக்கமாக சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன. அப்பா வயதுக்காரர்கள் எல்லாவற்றையும் எங்கே வைக்கிறார்கள்? கண்ணுக்கு எதிரே, டெஸ்க்டாப்பில். ஃபார்மட் செய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் சிதைந்திருந்தால் அதுவும் ஒரு வழிதான். ஆனால் தேய்ந்து சாகும் வன்தட்டில் (ஹார்டு டிஸ்க்) அதைச் செய்தால், பழைய கோப்புகளும் போகும், புது விண்டோஸும் சில வாரங்களில் பழையபடி திணறும். கணினியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது கடை மகாமகக் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரே ஓர் அறை. அங்கிருந்த இளைஞர் பெட்டியைத் திறந்து தூசியை ஊதினார். ரேம் எனும் நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டினார். பிறகு, “விண்டோஸை அப்புறம் பார்க்கலாம் ஐயா, முதலில் ஹார்டு டிஸ்க் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம்” என்றார். அந்த ஒரு வரியில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பென் டிரைவிலிருந்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இயக்கினார். வன்தட்டு தன் உடல்நிலையை ‘ஸ்மார்ட்’ என்ற பதிவேட்டில் தானே குறித்துக்கொண்டே வருகிறது. அதை எடுத்துக் காட்டுவதுதான் இந்த மென்பொருளின் வேலை. நலமாக இருந்தால் நீலம், எச்சரிக்கை என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. எங்களுக்கு மஞ்சள் வந்தது. பட்டியலில் 05, சி5 என்ற இரண்டு வரிகளை அப்பாவுக்கு விரல் வைத்துக் காட்டினார். கெட்டுப்போய், அதற்குப் பதிலாக மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை முதல் வரி. படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகள் இரண்டாவது. அப்படிப்பட்ட இடத்தில் தட்டு மீண்டும் மீண்டும் படிக்க முயன்று தோற்கிறது. 100 சதவீதத்துக்குக் காரணம் அதுதான், வைரஸ் அல்ல.

இங்கே அவர் சொன்னதை எல்லோரும் கவனிக்க வேண்டும். இந்த நிலையில் தட்டின் பிழைகளைத் தேடித் திருத்தும் செக்டிஸ்க் ஓட்டக்கூடாது, சிதறிய கோப்புத் துண்டுகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் கூடவே கூடாது. இரண்டும் நோயாளித் தட்டைப் போட்டு வாட்டும். முதலில் முக்கியமான கோப்புகளை வெளித்தட்டுக்கு எடுத்தார். பிறகு, விண்டோஸுக்கு மாற்று இயங்குதளமான லினக்ஸ் உள்ள பென் டிரைவில் கணினியைத் துவக்கி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழுத் தட்டையும், வன்தட்டுக்குப் பதிலாக மாட்டும் வேகமான சேமிப்பகமான புதிய எஸ்.எஸ்.டி.க்குப் படியெடுக்க விட்டார். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். இரவு முழுவதும் ஓடியது.

மறுநாள் ஒரு சின்ன அதிர்ச்சி. எடுத்த கோப்புகளைச் சரிபார்க்கக் கடைக் கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் குப்பைபோல் தெரிந்தது. அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. இளைஞர் பதறவில்லை. “இது பாமினி ஐயா. அரைப்புள்ளி வருகிற இடமெல்லாம் மெய்யெழுத்துப் புள்ளி. என் அம்மாவும் டீச்சர்தான்” என்றார். பாமினி என்பது பழைய தமிழ் எழுத்துரு. அதை நிறுவியதும் கட்டுரை அப்படியே தமிழில் எழுந்து நின்றது. ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய காலத்தில் தட்டச்சு செய்யப்பட்ட எத்தனையோ கோப்புகளை ‘கெட்டுப்போய்விட்டது’ என்று சொல்லி அழித்திருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற மென்பொருள் பாமினியை ஒருங்குறிக்கு மாற்றித் தரும். என்.எச்.எம். ரைட்டரில் பாமினி விசைப்பலகை அமைப்பே இருப்பதால், அப்பா பழகிய விரலோட்டத்திலேயே இனி ஒருங்குறியில் எழுதலாம். வீட்டில் பழைய தமிழ்க் கோப்புகள் வைத்திருப்பவர்கள் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எஸ்.எஸ்.டி., கூலி இரண்டும் சேர்த்து நாலாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கணினி இப்போது அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது.

மிச்சமிருந்த சில்லறைத் தொல்லைகளை வீட்டிலேயே முடித்தேன். திரை மூலையில் ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று மிரட்டிக்கொண்டிருந்தவை, ஏதோ ஒரு தளத்துக்கு அம்மா அளித்திருந்த அறிவிப்பு அனுமதியால் வந்தவை. உலாவியின் அமைப்புகளில் அந்த அனுமதியை நீக்கியதும் நின்றன. விளம்பர நிரல்களை நீக்கும் ஆட்வ்கிளீனரை ஒருமுறை ஓட்டித் தேவையற்ற நீட்சிகளை அகற்றினேன். கணினியோடு தானாகத் துவங்கும் நிரல்களை டாஸ்க் மேனேஜரிலேயே நிறுத்திவிடலாம். அதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை.

விண்டோஸ் 10 பற்றியும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி அப்பாவின் கணினியில் இல்லை. 2026 அக்டோபர் வரை கிடைக்கும் கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புகளில் இப்போதைக்குப் பதிவு செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு லினக்ஸ் மின்ட் போடலாம் என்று இளைஞரும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.

அவசரத்துக்கு நான் தொலைவிலிருந்து உதவ விண்டோஸிலேயே உள்ள குயிக் அசிஸ்ட் போதும். ஆனால் அப்பாவிடம் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிட்டு வந்தேன்: நான் பேசும்போது மட்டும்தான் அதைத் திறக்க வேண்டும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இத்தகைய செயலிகள் வழியாகப் பணத்தைச் சுருட்டுகிறார்கள். 2019இலேயே ரிசர்வ் வங்கி இதுபற்றி வங்கிகளை எச்சரித்திருக்கிறது. ஏமாந்துவிட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கணினித் திரைக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன்.

ஊருக்குப் போகும்போது ஒரு வெளித்தட்டு வாங்கிப் போங்கள். கடைக்காரர் ஃபார்மட் என்று சொன்னால், முதலில் வன்தட்டின் ஸ்மார்ட் பதிவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் கணினியைத் திருப்பி வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.